சீமைக் கல்லுக்குள் ஒரு பிராணி

சோணைமுத்து: பொறவு? அந்த டைனோசரு, மூணு கொம்பன், என்னத்தைத் தின்னுச்சாம்?

சீனிவாசகம்: இலை தழைதான். கல்லைத் தேய்க்கிறதை நிறுத்தாதீக சோணைண்ணே. மொதலாளி செவத்துக்கு அங்கிட்டுதான் இருக்காக.

சோணைமுத்து: கை பாட்டுக்குத் தேய்க்குது. காது சும்மாத்தான ஐயா இருக்கு.

சீனிவாசகம்: இம்புட்டு நாள் தேய்ச்சும் அது அப்படியே கெடக்கே...

சோணைமுத்து: என்ன செய்ய? கல்லு மேல எளுதி அச்சடிச்ச போன வருசத்து லேபிள் படம்னா மணலைத் தூவித் தேய்ச்சதும் போயிரும். இது எலும்பாச்சே. கல்லுக்குள்ளயே படுத்திருக்கு.

சீனிவாசகம்: ஜெர்மனியில வெட்டின கல்லு. ஒரு காலத்துல அங்கன கடலாம். சேத்துல விழுந்திருக்கும்... சேறு கல்லாகி, கல்லு கப்பலேறி, சிவகாசி அச்சாபீசுக்கு வந்து...

சோணைமுத்து: மத்தாப்புப் பெட்டி லட்சுமி படத்துக்கு அடியிலயே இத்தனை வருசம் தூங்கியிருக்கு. கோளி உசரந்தான் இருக்கும். இதுவும் டைனோசரா?

சீனிவாசகம்: இருக்கலாம். பழைய பேப்பர் கடையில வாங்கின புத்தகத்துல பாத்தேன். பனை உசரக் கழுத்துக்காரன் இருக்கான். முதுகு பூரா பலகை நட்டவன் இருக்கான். கோழி மாதிரி குட்டியும் இருக்கு. இன்னமும் புதுசு புதுசாத் தோண்டி எடுக்காகளாம்.

சோணைமுத்து: அப்ப இது... யாருமே பாக்காத ஒண்ணா இருந்துட்டா?

சீனிவாசகம்: படிச்சவுக வந்து பாத்துச் சொல்லணும். அதுக்குள்ள தீவாளி ஆர்டருக்கு நீங்க தேய்ச்சு அழிச்சுட்டா, போச்சு.

சோணைமுத்து: கனவுல வருது ஐயா. ஆனைக்குட்டம் ஆத்து மணல்ல தத்தித் தத்தி ஓடுது. கழுத்துக்காரன் குனிஞ்சு தண்ணி குடிக்கான். எம் மக உள்ளங்கையில ஒரு பிடி கம்பு வச்சு நீட்டுதா... வந்து கொத்துது. வலிக்கவே இல்லைங்கா.

சீனிவாசகம்: ம்... ஏண்ணே, உங்க மணல் சட்டி நெறைஞ்ச மேனிக்கு இருக்கே.

சோணைமுத்து: உங்க கண்ணுவலி எப்படி இருக்கு ஐயா?

சீனிவாசகம்: ஏன் கேக்கீக?

சோணைமுத்து: லேபிளுக்குப் படம் எளுத முடியலைன்னு மொதலாளிகிட்டச் சொன்னீகளாம். இங்கிலீசு புத்தகம் மட்டும் படிக்க வருதேன்னு கேட்டேன்.

சீனிவாசகம்: மணலை ஏன் போடலைன்னு மொதல்ல நீங்க சொல்லுங்கண்ணே.

சோணைமுத்து: கூலியை வாங்கிக்கிட்டு வெறுந்தண்ணியில தேய்க்கது பாவந்தான். ஆனா லேபிள் படத்தை நீங்க எளுதுறீக, நான் அளிக்கேன். இது சாமி எளுதினது. அதுல எப்படிக் கை வைக்க?

சீனிவாசகம்: உண்மையைச் சொல்லிருவோம்ணே. வேலை போனாலும் போகட்டும்.

சோணைமுத்து: செருப்புச் சத்தம் கேக்குது...

முதலாளி: ஏன் சோணை, நிறுத்திட்ட?

சோணைமுத்து: மொதலாளி... நான் மணலே போடலை. ஐயா மேல ஒரு தப்பும் இல்ல.

சீனிவாசகம்: இல்லை அண்ணாச்சி. என் கண்ணுக்கு ஒண்ணுமில்லை. நாந்தான் வேலையை இழுத்தடிச்சேன்.

முதலாளி: நானும் கல்லு தேய்ச்சு வந்தவன்தானப்பா. மணலில்லாத சத்தம் எனக்குத் தெரியாதா? அந்தச் சத்தம் கேட்ட மறுநாளே தீவாளி ஆர்டரைச் சாத்தூர் அச்சாபீசுக்காரருக்குக் கொடுத்துட்டேன்.

சீனிவாசகம்: அப்புறமும் தினம் வந்து, கல்லு தேய்ச்சாச்சான்னு கேட்டீகளே?

முதலாளி: தேய்க்க வேண்டாம்னா நீங்க கதையையும் நிறுத்திருவீகளே. நான் செவத்துல காதை வச்சுல்ல உக்காந்திருந்தேன்... சரி, மூணு கொம்பன் இலையைத் தின்னான். பொறவு?