சித்தேரி மதகில் ஒரு செவ்வாய்க்கிழமை

“குஞ்சோட கீற விராலுடா அது. வுட்டுடு, வேதகிரி.”

“வுட்டா? உன் கிளப்பு சாருங்க வந்து தூண்டில்ல புடிச்சி, மடியில வச்சி போட்டோ எடுத்துக்கினு—”

“எடுத்துட்டு மறுபடி தண்ணியிலதான வுடறாங்க, நீ—”

“நான் துன்றேன். மீனு துன்றதுக்குணா. கொஞ்சறதுக்கு இல்ல.”

வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். எங்களுக்குள் பகை ஏதும் இல்லை சார், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

திருப்புலிவனத்துக்கு அந்தண்டை இருக்கும் எங்கள் சித்தேரியைத் தூண்டில் கிளப் ஒன்று குத்தகைக்கு எடுத்து நாலு வருஷம் ஆகிறது. பார்த்துக்கொள்வது நான். வந்த புதிதில் ஏரி முழுக்க ஆப்பிரிக்கக் கெளுத்தி. நாட்டு மீன் பேருக்குக்கூட இல்லை. கெளுத்தியை அரித்து எடுத்துவிட்டு விரால் குஞ்சு விட்டேன். பிடித்த மீனை ஈரக்கையால்தான் தொட வேண்டும், முள்ளைக் கழற்றி உடனே விட வேண்டும் என்பதெல்லாம் நான் போட்ட சட்டம். கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள்கூட அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

இந்த மார்கழியில்தான் முதல் ஜோடி குஞ்சு பொரித்தது. மதகை ஒட்டிய கோரையில், முறம் அகலத்துக்குச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல். காவல் போனால் ஜிலேபிக் கெண்டைகள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். தகப்பனை வேதகிரி ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டான். தாய் மட்டும்தான் பாக்கி.

எங்கள் ஊரில் மதகு திறப்பது புதன்கிழமை. முதல் நாளே வேதகிரி முங்கி, மதகு வாயில் வலைப்பையைக் கட்டிவிட்டால், மறுநாள் தண்ணீரோடு இழுபடும் மதகோரத்து மீனெல்லாம் பைக்குள். அவன் அப்பன் பெருமாள் காலத்திலிருந்தே அப்படித்தான். செவ்வாய்க்கிழமை ஷட்டரை யாரும் தொடமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். அந்தப் பேச்சு முடிந்ததும் சட்டையை மடித்துக் கரையில் வைத்தான். “போனப் பாத்துக்கோ, புருசோத்தமண்ணா” என்று என் கையில் கொடுத்துவிட்டு முங்கினான். போனை நனையாத இடத்தில் வைத்தேன். பிறகு மதகு மேடைக்குப் போய் ஷட்டரைத் திருகினேன்.

வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேலே கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அது நின்றதும் கோரைப் பக்கம் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் கலையவில்லை. தாய் அடியில் அசையாமல் நின்றது. மனசு லேசாக இருந்தது.

போன் அடித்தது. அவன் பெண்சாதி செவ்வந்தி.

“சோறு ஆறிப் போவுதுணா. அங்க கீறாரா?”

“போன எங்கிட்ட குடுத்துட்டுப் போனாம்மா. நீ துன்னு.”

இதில் பொய் ஏதும் இல்லை, கவனியுங்கள். சாப்பிடாமல் அவள் காத்திருக்க வேண்டாமே என்றுதான் சொன்னேன்.

கை தவறித் திறந்துவிட்டாயா என்று ஏட்டையா கேட்டார். பாவம், நல்ல மனுஷன். கை தவறவில்லை. அவன் மதகு வாய்க்கு நேராக இருப்பது தெரிந்துதான் திறந்தேன். தண்ணீர் ஆளை இழுத்து அடைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும்.

ஷட்டரை முழுசாகத் திறந்தாயா என்று இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

“ஆறு சுத்துதான் சார். ஏழாவது சுத்து சுத்தியிருந்தா குஞ்சுங்களையும் இழுத்துக்கினு பூடும். அந்தப் பாவத்த நான் செய்வனா, சொல்லுங்க?”