எறிவீரர் கொடுத்த மண்வெட்டி

நாற்பத்தொரு குளிர்காலமாக இந்த வடக்கு வாசல் ரசிகர் மன்றத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக் காப்பாற்றி வரும் அவைத்தலைவி, அம்மையார் டாட்டி ஹெல்வெக் அவர்களே! ஆட்ட நாளில் ஆறு மணிக்கே எழுந்து, அரங்கத்துப் படிகளில் பனியை அள்ளி எறிந்துவிட்டு, அதே படியில் அமர்ந்து எங்களைத் திட்டுகிற பெரியோர்களே! மாலை நான்கு மணியிலிருந்து அடுப்பை விட்டு அகலாமல், மீனை வறுத்து, பியரோகிக் கொழுக்கட்டையைப் பொரித்து, இப்போதும் கரண்டியோடு கதவோரம் நின்று கேட்கும் தாய்மார்களே! நம் பனிவெட்டிகள் அணியின் உரிமையாளர், கனவான் விட்காம்ப் அவர்களே! இந்த மேடையின் மூலையில், முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி எதுவும் பேசமாட்டார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் எங்கள் நாயகன், எறிவீரர் கெண்டல் லாக்ரிட்ஜ் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் ஆர்லோ ஸ்டெபானிக்கின் அன்பு வணக்கம்.

என்ன? ஒலிபெருக்கியை உயர்த்த வேண்டுமா? ஆறடி ஆறு அங்குலத்தை அழைத்துவிட்டு ஐந்தடியில் அதை வைத்தால் நான் என்ன செய்வேன்? குனிந்தே பேசுகிறேன். குனிந்து நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கையால் எறிந்து ஆடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்த நாட்டில் சிரிக்கத் தடை ஏது?

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் பணி என்ன? 'நட்சத்திர எறிவீரர்கள் அணியின் நலனுக்காகக் குறைந்த சம்பளம் வாங்கக் கடமைப்பட்டவர்கள்' என்று ஒரு தீர்மானம். அதை நான் முன்மொழிய வேண்டுமாம். ஏன் நான்? ஏனென்றால் அந்தக் குறைந்த சம்பளத்தின் நிறைந்த பயன் நான்தான். நம் அணிகளின் சங்கம் போட்ட விதி உங்களுக்கு மனப்பாடம். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு. எறிவீரர் பெரிய துண்டை எடுத்தால், எஞ்சியவர்களுக்கு எஞ்சியதுதான். அப்போது முதலில் யார் தலை உருளும்? பந்தை எறிகிற கை உருளாது. பந்தைப் பிடிக்க ஓடுகிற கால் உருளாது. அவர்களுக்கு முன்னால் மலை மாதிரி நின்று மோதல் வாங்குகிறோமே, நாங்கள் ஐவர், எங்களில் ஒருவன்தான் உருளுவான்.

ஆட்டக்காரனுக்கு உச்சவரம்பு இருக்கிறது, அணி முதலாளியின் லாபத்துக்கு உச்சவரம்பு உண்டா என்று யாரோ பின்வரிசையில் கேட்கிறீர்கள். நான் கேட்கவில்லை ஐயா, அவர்தான் கேட்டார். கனவான் விட்காம்ப் புன்னகைக்கிறார். பதிலை அடுத்த வெள்ளி மீன் விருந்துக்கு வைத்துக்கொள்வோம், அந்தச் செலவும் அவருடையது.

இருக்கட்டும். பந்தை எறியத் திரும்பும்போது கெண்டலின் பார்வை படாத பக்கம் எது? இடப் பக்கம். அந்தப் பக்கத்தில் நிற்பவன் யார்? அடியேன். ஏழு ஆண்டுகள் நின்றேன். எத்தனை பேர் பாய்ந்தார்கள், எத்தனை பேர் சாய்ந்தார்கள்! ஆனால் சபையோரே, ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். இரண்டு ஆண்டுக்கு முன், நவம்பர் மழையில், என் கால் வழுக்கிய ஒரு கணத்தில் போனான். கெண்டலின் கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். நான் கூடவே ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆர்லோ, உள்ள எனக்குன்னு ஒரு சாண்ட்விச் வெச்சிருக்கேன். பீட் தின்னுடப் போறான். ஓடிப் போய்க் காப்பாத்துடா."

பீட் ஒகாஃபோர் எனக்கு அடுத்து நிற்கும் காவலன். இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். ஆமாம், அவர்தான் தின்றார்.

அப்படி எலும்பு முறியும் தொழிலில், நாளைக்கே முழங்கால் போனால் நாளையோடு முடியும் தொழிலில், ஒருவரைப் பார்த்து 'உன் கூலியைக் குறைத்துக்கொள்' என்று சொல்ல நான் யார்? நீங்கள் யார்? தீர்மானத்தை முன்மொழிய வந்தவன் என்னடா தடம் மாறுகிறான் என்று அம்மையார் டாட்டி கண்ணாடியைக் கழற்றுகிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். ஒரு மண்வெட்டிக் கதை இருக்கிறது.

கிறிஸ்துமஸ் வந்தால் எறிவீரர் தன் ஐந்து காவலர்களுக்கும் பரிசு தர வேண்டும். இது எங்கள் ஆட்டத்தின் எழுதாத சட்டம். எந்த அணியில் என்ன கொடுத்தார்கள் என்று எங்களுக்குள் ஒரு பெரிய போட்டியே நடக்கும். தெற்கே ஒருவர் ஆளுக்கொரு மீன்பிடிப் படகு கொடுத்தார். மேற்கே ஒருவர் ஆளுக்கொரு குதிரை கொடுத்தார், அதில் ஏறத் துணிந்த காவலன் எவனும் இல்லை, குதிரையும் சம்மதிக்கவில்லை. நம் கெண்டலோ முந்திய ஆண்டு பனியில் பறக்கும் மோட்டார் வண்டி கொடுத்தவர். அப்படியானால் சென்ற டிசம்பரில் எங்கள் நாக்கு எவ்வளவு நீளம் தொங்கியிருக்கும்?

உடை மாற்றும் அறையில் ஐந்து நீளப் பொட்டலங்கள். சிவப்புத் தாள், தங்க நாடா. பீட் வேட்டைத் துப்பாக்கி என்றார். நான் மீன்தூண்டில் என்றேன். பிரித்தோம். மண்வெட்டி. பனி அள்ளும் மண்வெட்டி. நம் கடைத்தெருவில், ரஸ் அண்ணன் கடை வாசலில் சார்த்தி வைத்திருப்பாரே, அதே மண்வெட்டி. காம்பில் விலைச்சீட்டு நூலோடு தொங்குகிறது. அதைக் கிழிக்கும் மரியாதைகூட இல்லை.

காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஐந்து பேரும் சேர்ந்து ஆயிரத்து அறுநூறு பவுண்டு எடை, கையில் ஆளுக்கொரு மண்வெட்டி. பிறகு பீட் மெல்லக் கேட்டார்: "கெண்டல், உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பிடிக்கலையா? கனம் கம்மி, கை வலிக்காது," என்றார் நாயகன்.

கோபம் வராதா? வந்தது. குமுறினோம், கொதித்தோம், கூடிப் பேசினோம். கஞ்சனுக்குக் கஞ்சனின் பரிசாலேயே பாடம் புகட்டுவது என்று முடிவாயிற்று. அன்று ஏரிக் காற்றில் இரண்டடிப் பனி. பயிற்சி முடிந்து கெண்டல் குளிக்கப் போன நேரத்தில் ஐந்து பேரும் ஐந்து மண்வெட்டியோடு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். அவர் காரைப் புதைத்தோம் ஐயா. சக்கரத்தைப் புதைத்தோம், கதவைப் புதைத்தோம், கூரையைப் புதைத்தோம், மேலே ஒரு பனிமனிதனையும் நட்டோம். ஆட்டத்தில்கூட நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாய் உழைத்ததில்லை.

நாயகன் வந்தார். மலையைப் பார்த்தார். "மண்வெட்டி நல்லா வேலை செய்யுது போல," என்றார். "ஒண்ணைக் கடனாத் தாங்களேன்டா" என்று கேட்டார். தரமாட்டோம் என்றோம். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தார். எந்தக் கை? எறிகிற கை! மாடிச் சன்னலில் பயிற்சியாளர் காப்பியோடு வந்து நின்றதும், காப்பி வேறு அவர் வேறாகப் போனதும் தனிக்கதை.

ஜனவரியில் பத்திரிகை வந்தது. உங்களைப் போலத்தான் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரமே கெண்டல் தன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கிடைக்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து. எதற்கு? மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிற ஒரு காவலனை இங்கேயே வைத்துக்கொள்ள அணியின் கையில் இடம் இருக்க வேண்டும் என்பதற்கு. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறவன் ஐவரில் ஒருவன்தான். அவன் இப்போது உங்கள் முன்னால் குனிந்து நிற்கிறான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைப்பானேன், அழுதேன். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலுக்குப் போய், அவர் கொடுத்த மண்வெட்டியாலேயே பனியை அள்ளினேன். வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ இருந்தே ஆகணும்னு ஆயிடும்," என்றார். "உனக்கும் குடும்பம் இருக்கு. வேற ஊர்ல நல்ல விலை வந்தா நீ போகணும். நான் விட்டது என் இஷ்டம், அதுக்கு நீ வட்டி கட்டக் கூடாது."

"அப்ப இந்த மண்வெட்டி?"

"அடுத்த குளிருக்கும் நீ இங்க இருந்தா நல்லாருக்கும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான். விலைச்சீட்டை ஏன் கிழிக்கலங்கற? வேணாம்னா கடையில திருப்பிக் குடுத்துக்கலாம்."

ரஸ் அண்ணன் அங்கே தலையாட்டுகிறார். ஒரு காரையே புதைத்த மண்வெட்டியை எந்தக் கடைக்காரர் திரும்ப எடுப்பார் என்கிறார். நியாயம்தான் அண்ணே.

அவைத்தலைவி அவர்களே, இதனால்தான் சொல்கிறேன். கடமை என்று எழுதாதீர்கள். கேட்டு வாங்கினால் அது பிடித்தம். எழுதி வாங்கினால் அது அபராதம். ஒரு மனிதன் யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், வாங்குகிறவன் கால்களைக் கட்டாமல் கொடுத்தானே, அதை ஒரு தீர்மானத்துக்குள் அடைக்க முடியுமா? முழுச் சம்பளமும் வாங்குகிற எறிவீரனை நாளை நீங்கள் ஏசினால், இன்று கெண்டல் கொடுத்தது கொடை இல்லை, வரி என்று ஆகிவிடும். நான் இந்தத் தீர்மானத்தை முன்மொழியவில்லை. இதோ அந்தத் தாளை மடித்து, கையிலிருந்த மீன் வறுத்த எண்ணெயைத் துடைத்துவிட்டேன்.

கைதட்டுகிறீர்கள். ஆனால் உங்கள் கண்ணில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அம்மையார் டாட்டி அதை வாய்விட்டே கேட்டுவிட்டார்: "கதையெல்லாம் சரிப்பா, நீ இருக்கியா, போறியா?"

உண்மையைச் சொல்கிறேன். சென்ற திங்களன்று என் முகவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தெற்கே ஓர் அணி. இங்கே கெண்டல் விட்டுக்கொடுத்த பணத்தில் எனக்குக் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "அங்க பனியே கிடையாதுப்பா. ஜனவரியில சட்டையில்லாம ஆரஞ்சு பறிக்கலாம்," என்றார். நான்கு நாள் தூங்கவில்லை. மனம் ஆடவில்லை என்று சொன்னால் இந்த மீன்கூட நம்பாது. ஆடியது. என் மனைவி மார்னியிடம் கேட்டேன். இந்த ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கியவர் அவர். பல் மருத்துவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு, எனக்காக எதையும் முடிவு செய்யாதே என்றார். பிறகு கதவருகே போய் நின்று, "ஆனா அங்க உன் இடப் பக்கம் யாரு நிப்பா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான். ஏழு ஆண்டாக நான்தான் கெண்டல் முதுகைக் காத்தேன் என்று மார்தட்டினேன் சபையோரே. என் பார்வை படாத பக்கத்தில் ஒருவர் நின்று என்னைக் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

பீட், மேசைக்கடியிலிருந்து அதை எடுங்கள். ஆமாம், அதேதான். சிவப்புத் தாளின் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலைச்சீட்டும் நூலோடு தொங்குகிறது, பாருங்கள். இன்று மதியம் மூன்று மணிக்கு, கனவான் விட்காம்பின் அறையில், பனிவெட்டிகள் அணியோடு இன்னும் நான்கு ஆண்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். கெண்டலுக்கு இது இந்த நொடிவரை தெரியாது. அதனால்தான் அவர் முள்கரண்டி கீழே விழுந்துவிட்டது.

என்னை யாரும் கேட்கவில்லை. என்னை யாரும் கட்டவில்லை. இதோ, கிழிக்கிறேன் விலைச்சீட்டை.

ரஸ் அண்ணே, இனி இது திரும்பி வராது. மீன் ஆறும்முன் பேச்சை முடிக்கச் சொல்லித் தாய்மார்கள் கரண்டியை ஆட்டுகிறார்கள், கட்டுப்படுகிறேன். காது கொடுத்த உங்களுக்கும், கை கொடுத்த அந்த மனிதருக்கும் என் நெஞ்சின் நன்றி. அடுத்த குளிரில் முதல் பனி விழும் ஞாயிறு, காலை ஆறு மணி, வடக்கு வாசல். மண்வெட்டியோடு வாருங்கள். என் வணக்கத்தை அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.