பாக்கியநாதனின் விரல்

தெரேசா: செருப்போடயே வாம்மா. தரை ஈரம், இப்பத்தான் துடைச்சேன்.

நட்டாலி: இருங்க ஆண்ட்டி. உள்ள வர்றதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியது ஒன்னு...

தெரேசா: பெட்டியோட நிக்கறானே அந்தத் தம்பி, யாரு?

நட்டாலி: ஹைக்கல். கம்ப்யூட்டர் ஆளு. நான் நட்டாலி, லாயர். கம்பெனி பக்கமும் இல்ல, உங்க பக்கமும் இல்ல. உங்க வீட்டுல தேடறது ஒழுங்கா நடக்குதான்னு பாக்க வந்திருக்கேன். வீட்டுல பொம்பளை தனியா இருந்தா, பொம்பளை ஒருத்தி கூட வரணும்னு கோர்ட்டு ஆர்டர்.

தெரேசா: தனியா இல்லியே. அவரு இருக்காரு.

நட்டாலி: பாக்கியநாதன் அங்கிளா? அவரு விஷயமாத்தான் வந்திருக்கோம். பிறை டவுன்ல அவர் வேலை பார்த்த, அச்சு செய்யற மோல்டு ஃபேக்டரி...

தெரேசா: தலை நரைக்கற வரைக்கும் அங்கதான் டிராயிங் போட்டாரு. ஸ்ட்ரோக்ல விழுந்தப்ப ஒரு பழக்கூடையோட வந்தானுங்க. அப்புறம் இன்னிக்குத்தான்.

நட்டாலி: அந்த டிராயிங்தான் ஆண்ட்டி. இன்னொரு ஃபேக்டரி கைக்குப் போயிருக்கு. அங்கிள் வித்துட்டாருன்னு கேஸ் போட்டிருக்காங்க. வீட்டுல தேடி, லேப்டாப்பைத் திறந்து காப்பி எடுக்கணும்.

தெரேசா: விடமாட்டேன்னா?

நட்டாலி: கோர்ட்டை அவமதிச்சதாயிடும். ஜெயில் வரைக்கும் போகும். முதல்ல ஒரு லாயருக்கு ஃபோன் போடுங்க. அது வரைக்கும் நாங்க வெளியிலயே நிக்கறோம்.

தெரேசா: எங்களுக்கு டாக்டரைத் தெரியும், ஃபாதரைத் தெரியும். லாயரை எங்க போய்த் தேட... ஒன்னு மட்டும் சொல்லு. கிடைச்சா யாரைப் பிடிப்பாங்க?

நட்டாலி: ஆர்டர்ல அங்கிள் பேர் மட்டும்தான் இருக்கு.

தெரேசா: படுத்த படுக்கையா கிடக்கறவரையா?

நட்டாலி: அவரை ஜெயில்ல போட மாட்டாங்க ஆண்ட்டி. ஆனா பேர் போயிடும். திருடினவர்னு எழுதிடுவாங்க.

தெரேசா: ...வா. அந்த ரூம்தான். மெதுவா பேசு. பேச்சுதான் வராது, காது நல்லா கேக்கும்.

நட்டாலி: கட்டில் புதுசா இருக்கே.

தெரேசா: ஏத்தி இறக்கறது. முதுகெல்லாம் புண்ணு... பாக்க முடியல. வாங்கினேன்.

நட்டாலி: லேப்டாப்?

தெரேசா: அலமாரியில, துணிக்கடியில.

நட்டாலி: பாஸ்வர்டு என்ன ஆண்ட்டி?

தெரேசா: எனக்கு என்னம்மா தெரியும். அவரு விரலை வெச்சுத்தான் திறப்பாரு.

நட்டாலி: திறக்காம காப்பி எடுக்க முடியாதுங்கறான் ஹைக்கல்.

தெரேசா: அப்ப தூக்கிட்டுப் போங்க லா.

நட்டாலி: திறந்து குடுக்கணும்னு ஆர்டர்லயே இருக்கு... அங்கிள் கையைப் பிடிக்கலாமா?

தெரேசா: பிடிச்சுக்கோங்க.

நட்டாலி: அங்கிள், கோவிச்சுக்காதீங்க. ஹைக்கல், பெலான்-பெலான் லா, மெதுவா. கை மடங்கிப் போயிருக்கு.

தெரேசா: வலது கை விரியாது. காலையில எண்ணெய் தேய்ச்சாதான் கொஞ்சம் இளகும்.

நட்டாலி: கட்டைவிரல்... இல்ல. ஆள்காட்டி விரல்... அதுவும் இல்ல. எந்த விரல் வெப்பாரு?

தெரேசா: கவனிச்சதில்ல.

நட்டாலி: நடுவிரல்... ஆண்ட்டி, அங்கிள் அழறாரு.

தெரேசா: அது சும்மா. கண்ணுல தானா தண்ணி வரும்.

நட்டாலி: இல்ல ஆண்ட்டி. உங்களையே பாக்கறாரு.

தெரேசா: இரும்மா, கண்ணைத் துடைச்சுவிடறேன்.

நட்டாலி: இடது கையைப் பாக்கட்டுமா?

தெரேசா: ஒரு பென்சில்கூட அங்கேருந்து வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல இந்த மனுஷன். டிராயிங்கெல்லாம் லேப்டாப்ல கிடக்கு தெரேசா, அழிக்கணும், அழிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. அதுக்குள்ள விழுந்துட்டாரு.

நட்டாலி: அப்ப வித்தது... இருங்க. உங்களையே மாட்டிவிடற எதையும் நீங்க சொல்ல வேண்டியதில்ல. லாயரைக் கேக்காம வாயைத் திறக்காதீங்க ஆண்ட்டி. பிளீஸ்.

தெரேசா: அந்தத் தம்பியைக் கையை விடச் சொல்லும்மா, வலிக்கும் அவருக்கு. அவரு விரலுக்கு அது திறக்காது, என் விரலுக்கு மாத்தி ரொம்ப நாளாச்சு... இப்படிக் கொண்டா.