கொசுறு

இருங்க தம்பி, டைப்பு மெஷினத் தட்டாதீங்க இன்னும். நீங்க பாட்டுக்கு நாலு வரி அடிச்சிட்டு அப்புறம் அடிச்சுத் திருத்தினா கோர்ட்டுல வாங்க மாட்டாங்க. முழுசாக் கேட்டுக்குங்க. பேரா? சர்தாரி லால். அப்பா பேரு நானக் சந்த். வயசு எழுபத்தொண்ணு. தானிய மண்டில கோதுமை யாவாரம். பழைய சராய்ச் சத்திரத்து வாசலுக்கு நேர் எதிர்க்கடை. ஆங், மரத் தராசு தொங்குமே, அதேதான். அட, உங்கப்பாவும் நம்மகிட்டதான் வாங்குவாரா? அப்ப சரி.

எதுக்குன்னா, என் மருமக நீலத்தோட கேசு. பேப்பர்ல பாத்திருப்பீங்களே, பெத்த பொண்ணுக்கே விஷம் வச்சான்னு. அவதான். பதினோரு மாசமா ஜெயில்ல இருக்கா. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜாமீன் மனு வருது. அதுக்குள்ள என் அபிடவிட்டு உள்ள போயாகணும். செத்தது என் பேத்தி. மன்னத். நாலு வயசு.

அய்ய, எந்திரிக்காதீங்க தம்பி. கொஞ்சம் தண்ணி குடுங்க, போதும்.

பத்து வரில முடிச்சிரலாம்னு சொல்றீங்க. முடியாதுங்க. தராசுலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் எனக்குப் பேச்சு வரும்.

நாப்பத்தேழுல நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப, எங்கப்பா இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற லாயல்பூர்லேர்ந்து வந்தாரு. அங்க மணிக்கூண்டச் சுத்தி எட்டுக் கடைவீதி, அதுல எங்களுக்கு மூணு கடை. இங்க வந்து சேந்தப்ப மாத்துச் சட்டை கிடையாது. சராய்க்குள்ள ஆடுமாடு மாதிரி அடைஞ்சு கெடந்தாங்க. மழை, சேறு, வாந்திபேதி. மாவு நிறுத்துப் போடறவங்க முள்ளு நேரா நின்னதும் படக்குன்னு கைய எடுத்துருவாங்களாம். ஒரு கெழவன் மட்டும், முள்ளு நின்னப்புறமும் ஒரு பிடி அள்ளி மேல போடுவானாம். கொசுறு. அந்தப் பிடி மாவுலதான் எங்க சின்ன அத்தை பொழச்சா. அப்புறம் அப்பாவுக்கு ஒரு கடை ஒதுக்குனாங்க. செக்கு ஆட்டிட்டிருந்த ஒரு முஸ்லிமோட கடை. உள்ள போனா தராசு அப்பிடியே தொங்குதாம், ஒரு தட்டுல எடைக்கல்லு வச்சபடி. நிறுத்துட்டிருக்கும்போதே எந்திரிச்சு ஓடியிருக்கான் மனுசன். எங்க போனான், உசுரோட போனானா, யாருக்குத் தெரியும்? எங்கப்பா விசாரிக்கவும் இல்ல. விசாரிச்சிருக்கலாம். அந்தக் கல்ல எறக்கி வச்சிட்டு யாவாரத்த ஆரம்பிச்சிட்டாரு.

அன்னிலேர்ந்து எங்க கடையில முள்ளு நின்னப்புறம் ஒரு பிடி கட்டாயம் உண்டு. நம்ம பஞ்சாப்புல அந்தத் துப்பாக்கிக் காலம் உங்களுக்கு நெனவிருக்குமா? தீவிரவாதிங்க பஸ்ஸ நிறுத்தி ஆள எறக்கிச் சுட்டானுங்களே. சாயங்காலம் நாலு மணிக்கே ஷட்டரு எறங்கிரும். அப்ப அரை ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு வந்தவனுக்கும் ஒரு பிடி போட்டுத்தான் அனுப்பினேன். ஊருல எனக்கு இருக்கிற பேரே அதாலதான். சர்தாரி லால் கை தாராளம்னு சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது தாராளம் இல்ல தம்பி, கை அதுபாட்டுக்குப் போயிரும். டீக்குச் சக்கரை போட்டாலும் மேல ஒரு சிட்டிகை. பருப்புல உப்பு சரியா இருந்தாலும் மேல ஒரு சிட்டிகை. உங்க கைய ஒடிச்சு அடுப்புல வைக்கன்னு வீட்டுக்காரி கத்துவா.

வரேன், வரேன். கேசுக்குத்தான் வரேன்.

பைசாகி அறுவடைப் பண்டிகை முடிஞ்சா மண்டி எப்பிடி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பெரிய ரோடு முழுக்க டிராக்டரு, மூக்கத் தொறந்தா தூசி, பக்கத்துல நிக்கிறவன் பேசறது காதுல விழாது. அப்பதான் வீட்டுக்கும் வருஷக் கோதுமை போடறது. எங்க வீட்டுல மூணு தகர ட்ரம்மு. கடைசி ரூமு, மண் சுவரு, நல்லாக் குளுகுளுன்னு இருக்கும். அங்க நிக்கிது. மொட்ட மாடில காயவச்சு, பொடச்சு, ட்ரம்முல கொட்டி, வண்டு மாத்திரைய ஒவ்வொண்ணாத் துணில முடிஞ்சு உள்ள வைக்கணும். அது விடற புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆளையே தூக்கிரும். உங்க வீட்டுலயும் வைப்பீங்கல்ல? அப்ப நா சொல்றது புரியும்.

மூணு வருஷமா அந்த வேலை நீலத்தோடது. பர்னாலா ஊருப் பொண்ணு, வாத்தியாரு மக. டப்பால என்ன எழுதியிருக்கோ அதுக்கு மேல ஒரு இம்மி போக மாட்டா. ட்ரம்முக்கு ரெண்டு, மொத்தம் ஆறு. எண்ணி வாங்கினா, எண்ணி வச்சா. கதவச் சாத்தி, சாக்பீசால தேதி எழுதினா. அத்தை, பதினஞ்சு நாளு யாரும் உள்ள போகக்கூடாதுன்னு மூணு தடவ சொன்னா. நாங்க சிரிச்சோம். கோதுமையிலயே பொறந்து வளந்த வீட்டுக்குப் பாடம் நடத்துதா பாருன்னு நா கேலி பண்ணேன். பதினஞ்சாம் நாளு கதவத் தொறந்தா, ஜன்னலத் தொறந்தா, ரெண்டு நாளு காத்தாட விட்டா. அப்புறந்தான் ரூமு சரியாயிருச்சுன்னா. அவ கணக்குப்படி சரியாத்தான் இருந்துச்சு.

நாலு நாளு கழிச்சு என் பொண்ணு மாப்பிள்ளையோட, புள்ளைங்களோட வந்து எறங்கினா. ஏர்கூலரு இருக்கிற ரூம அவங்களுக்கு விட்டாச்சு. வெயிலுன்னா வெயிலு, கரண்டும் போயி போயி வருது. மத்தியானம் சாப்பாடு ஆனதும் நீலம் மன்னத்த ட்ரம்மு இருக்கிற அந்தக் குளுந்த ரூமுல படுக்க வச்சிட்டு, அனல் உள்ள வராம ஜன்னலச் சாத்திட்டு, பாத்திரம் தேய்க்கப் போனா. ரெண்டு மணி நேரம். எழுப்பப் போனா புள்ள வாந்தி எடுத்துக் கெடக்கு. மாம்பழம் ஒத்துக்கலன்னு நெனச்சோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நான்தான். தோள்ல போட்டுட்டு ஓடினேன். தாத்தா, மெதுவாப் போன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான் தம்பி, அதுக்கு மேல பேசல.

இல்ல, நா அழல. தூசி.

போலீஸ் வந்து ட்ரம்மக் கொட்டினாங்க. ஒம்போது முடிச்சு இருந்துச்சு. மாத்திரை வித்த கடைக்காரனக் கூட்டிட்டு வந்து கேட்டா ஆறுதான் வித்தேங்கிறான். அப்ப மூணு எங்கேர்ந்து வந்துச்சு? யாருக்கும் தெரியாம வாங்கிட்டு வந்து வச்சிட்டு, புள்ளையவும் அங்கயே படுக்க வச்சிருக்கான்னு முடிவு கட்டிட்டாங்க. அதுக்குத் தோதா முந்தின நாளு ஒரு சண்டை. வீட்டுக்காரி எப்பவும் போல பையன் பொறக்கலன்னு குத்திக் காட்டினா. இவ பொறுக்க மாட்டாம, நானும் எம்புள்ளையும் செத்து ஒழிஞ்சாத்தான் உங்களுக்கெல்லாம் நிம்மதின்னு கத்திட்டா. தெருவே கேட்டுச்சு. அப்பிடிச் சொன்னாளான்னு போலீஸ் கேட்டப்ப, ஆமா சொன்னான்னு கையெழுத்துப் போட்டது யாருங்கிறீங்க? நான்தான். பொய் இல்லயே, சொன்னாளே. என் மகன் விபன் அன்னிலேர்ந்து அவ பேர வாயில எடுக்கறதில்ல. அவன் ஒருத்தன் நம்பியிருந்தா அவளுக்குப் போதுமாயிருக்கும்.

என்ன கேட்டீங்க? ஜாமீன் குடுக்கக் கூடாதுன்னு எழுதணுமான்னா? அப்பிடித்தான் நெனச்சீங்களா இவ்வளவு நேரமும்? ஊரே அப்பிடித்தான் நெனக்கிது.

போன மாசம் அவளப் போயிப் பாத்தேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. கம்பிக்கு அந்தப்பக்கம் நிக்கிறா, கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு. என்னத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. மாமா, நா ஆறுதானே வச்சேன்? எண்ணித்தானே வச்சேன்? பதினோரு மாசமா அதையே எண்ணி எண்ணி அவளுக்கே சந்தேகம் வந்திருச்சு தம்பி. நம்ம கைதான் தப்பா வச்சிருச்சோன்னு. நா என்ன சொன்னேன் தெரியுமா? தெரியலம்மான்னு சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்டேன்.

சரி, மணி ஆயிருச்சு, பேப்பரச் சொருகுங்க. அவ கதவத் தொறந்து ரெண்டு நாளு காத்தாட விட்டு முடிச்சாள்ல, அதுக்கு அடுத்த நாளு கடையில ஒரு மூட்டைல வண்டு பாத்தேன். வீட்டுக்குப் போனேன். கடையில இருந்த மாத்திரையிலேர்ந்து மூணு எடுத்துட்டுப் போயி, துணில முடிஞ்சு, ட்ரம்முக்கு ஒண்ணா மேல போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்லணும்னே தோணல, கொசுறு போடறப்ப யாரு சொல்லிட்டுப் போடறா?

ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க. என்னய உள்ள வைப்பாங்களா, வைக்கட்டும், அத அப்புறம் பாத்துக்கலாம். மொத வரில என் பேரு வேண்டாம் தம்பி. மொத வரி இப்பிடி இருக்கட்டும். நீலம் ஆறுதான் வச்சா. எண்ணித்தான் வச்சா.