வைத்தீஸ்வரன் சாரின் மூன்று நிமிடப் படம்

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். உங்கள் அப்பா இரண்டாம் நாளே அதைக் கவனித்துவிட்டார், நித்யஸ்ரீ மேடம். மறுநாளிலிருந்து பிளாஸ்க்கில் எனக்குத் தகுந்த மாதிரியே போட்டு எடுத்து வந்தார்.

மேற்குத் தாம்பரத்தில் என் ஸ்டூடியோவைப் பார்த்தீர்கள். மாடியில் ஒற்றை அறை. பதினெட்டு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். மண்டபத்தில் எல்லோருக்கும் நான் வீடியோக்காரர்தான். வைத்தீஸ்வரன் சார் வந்த அன்றே பேர் கேட்டார். "எலியேசர்னா என்ன அர்த்தம் தம்பி?" என்றும் கேட்டார். அதை வேறு யாரும் கேட்டதில்லை.

அது 2008 ஜூன். அவர் எழுதிய பல்லவர் கால நாவலின் வெளியீட்டு விழாவில் திரையிட, சினிமாவுக்குப் போடுவதுபோல் மூன்று நிமிட டிரெய்லர் வேண்டும் என்றார். செம்பாக்கம் ஏரிக்கரையில் சூரியன் எழுவதை எடுத்தோம். குதிரைக்கு வழியில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டி அவரே குளம்புச் சத்தம் கொடுத்தார். பின்னணிக் குரலும் அவருடையதுதான்.

பன்னிரண்டாம் நாள் படம் முடிந்தது. அவரிடம் சொல்வதற்குள் அவர் சொன்னார்: "கண்ணுல பிரஷர் ஏறிண்டே போறதாம். அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணணுங்கறார் டாக்டர். அப்புறம் பொண்ணு அமெரிக்காவுக்குக் கூட்டிண்டு போயிடுவா."

கம்ப்யூட்டரில் வைரஸ், எல்லாம் போய்விட்டது என்றேன். அவர் கிளம்பிய பிறகுதான் படத்தை அழித்தேன். டேப்புகளின் மேல் ஒரு சீமந்தத்தைப் பதிவு செய்தேன். அவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"திரும்ப எடுத்துரலாம் சார். ஆனா ஆபரேஷன் பண்ணிட்டா வெயில்ல வர முடியாதே" என்றேன். தேதியைத் தள்ளிப்போட்டார். விழாவையும்தான்.

நீங்கள் எனக்குப் போன் செய்தது நினைவிருக்கும். கண்ணைப் பற்றி அப்பா சரியாகச் சொல்வதில்லை, விசாரித்துச் சொல்லுங்கள் என்றீர்கள். நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன், அவசரமில்லை என்றார் என்று சொன்னேன். நாங்கள் போகவே இல்லை. நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

இரண்டாவது தடவையும் படம் முடிந்தது. அதையும் அழித்தேன்.

மூன்றாவது தடவை, டிசம்பரில், ஏரிக்கரையில் நின்றபடி கேட்டார்: "என்ன தம்பி, இவ்வளவு பனி? எதிர்க்கரையே தெரியலையே."

மணி ஒன்பது. நல்ல வெயில்.

"ஆமா சார், பனிதான்" என்றேன்.

இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார். படம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். தினமும் பார்க்கிறார். வெளிச்சம் அசைவது மட்டும் அவருக்குத் தெரியும் என்பதால் ஏதாவதொரு கல்யாணத்தைச் சத்தமில்லாமல் ஓட விடுவேன். அவர் குரலைச் சேர்த்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்.

"ஏரி தெரியுது சார். கரையில கொடி பறக்குது."

"குதிரை?"

"வருது சார். வெள்ளைக் குதிரை."

சிரிப்பார். என் முழங்காலில் தட்டுவார்.

நேற்று வந்து சிடியைக் கேட்டீர்கள். அப்படி ஒன்று கிடையாது. ஜூனிலேயே ஆபரேஷன் செய்திருந்தால் பார்வை தங்கியிருக்கும் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரி. தடுத்தது நான்தான். போலீசில் சொல்வதென்றால் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவரை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போவதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே அவருக்குப் படத்தை யார் காட்டுவார்கள்?