கண்ணாடிக்காரனுக்குப் பதினாறாம் நாள்

சத்தியமா சொல்றேன் தம்பி! எங்கப்பன் இறங்கின தங்கச் சுரங்கத்து மேல சத்தியம், இந்த ரயிலு மேல சத்தியம், நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா இந்த நாக்கு இங்கயே அறுந்து விழட்டும். என் வீட்ல எழவு! செத்தது யாருன்னு கேளு. கேளுப்பா! ஜப்பான்காரன் ஒருத்தன். அதுவும் பொஸ்தகத்துல வர்ற பய! பேனாவுல வரைஞ்ச பய! அவனுக்கு இன்னைக்குப் பதினாறாம் நாள் காரியம். அங்க வடை சுட்டுக்கினு இருக்காங்க, நான் இங்க ஓடியாந்து உன் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன்.

அந்த லேப்டாப்பை மூடுப்பா. ஆபீசு எங்கயும் ஓடிப்போவாது. எங்க இறங்கறே, பங்காரப்பேட்டையா? நான் மாரிக்குப்பம். எங்க அண்ணன் வீட்டுக்கு. ஒரு பத்து நாள் தலை காட்டாம இருக்கணும்... ஏன்னா கேக்கறே? சொல்றேன், ஸ்வல்ப இரு.

பேரு ஆதிகேசவன். தொம்மலூர். பீன்யாவுல லேத்து ஓட்டி ரிட்டயர் ஆனவன். என் சம்சாரம் தனலக்ஷ்மி டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவ, இங்கிலீசு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. எங்க மாடியில லாவண்யான்னு ஒரு பொண்ணு வாடகைக்கு இருந்துச்சு. புனேவுக்கு மாத்தல் ஆச்சு. போறப்போ ஒரு அட்டைப்பெட்டி நிறைய மாங்கா பொஸ்தகத்தைக் குடுத்து, "ஆன்ட்டி, பொழுது போவலைன்னா பாருங்க"ன்னுட்டுப் போயிடுச்சு. ஜப்பான் படக்கதைப்பா, இங்கிலீசுல போட்டது. அன்னைக்குப் போச்சு என் பொழுது!

கதையில ரெண்டு பசங்க. ஒருத்தன் நெட்டை, பேக்கரி வெச்சிருக்கான். இன்னொருத்தன் கண்ணாடி போட்டவன், ரயில்வேயில கிளார்க்கு. அவங்க பேரு என் வாயில நுழையாது. நெட்டை, கண்ணாடி, அவ்ளோதான். ரெண்டு பேருக்கும் காதல். ஆமாப்பா, ரெண்டும் ஆம்பளைங்கதான். இன்னா அப்படிப் பாக்கறே? எங்க தெரு சங்கத்து செக்ரட்டரி ஹரிஷ்குமாரும் இப்படித்தான் பாத்தாரு. "ஏம்மா, இந்த வயசுல இந்த மாதிரிக் கதையெல்லாம்..."னு இழுத்தாரு. தனம் விட்டா பாரு ஒண்ணு! "நீங்களும் எதிர்வீட்டுக்காரரும் ஸ்கூட்டர் நிறுத்தற எடத்துக்கு ஜட்டியோட கட்டிப் புரண்டீங்களே, அது கண்ணுக்கு அழகா இருந்துச்சு. ரெண்டு பேரு கையப் புடிச்சா மட்டும் உறுத்துதா?" மனுசன் அப்புறம் எங்க வீட்டுப்பக்கம் வாக்கிங்கே வர்றதில்ல.

எனக்கு அதுல கோவம் இல்ல தம்பி. காதல் யார் பண்ணா எனக்கின்னா? என் கோவம் சாம்பார்ல! பக்கத்து வீட்டு பிரிசில்லா, கோடி வீட்டு ஆஞ்சலா, இவ, மூணு பேரும் சனிக்கிழமை ஆனா எங்க ஹால்ல கூடிடுவாங்க. "நெட்டை இன்னும் மனசைத் திறக்கலையே"ன்னு பிரிசில்லா மூக்கைச் சிந்துவா. அடுப்புல சாம்பார் தீயும். நான் ஒரு வாய் காபி கேட்டா, "உஷ்! ரெண்டு பேரும் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க"ம்பா. அப்புறம் மழை பேஞ்சா போச்சு! "கண்ணாடி தன் தோளு நனைஞ்சாலும் பரவால்லன்னு அவனுக்குக் கொடை புடிச்சான். நீங்க? கே.ஆர். மார்க்கெட்ல என்னை மூட்டையோட விட்டுட்டு பஸ் ஏறினவரு!" ஏம்பா, கிளம்பற பஸ்ஸுல சீட்டு பிடிக்கப் போனது ஒரு தப்பா?

எரியுமா எரியாதா? எரிஞ்சுது. கடைசி பாகம் கூரியர்ல வந்தப்போ அவ மார்க்கெட் போயிருந்தா. சனிக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு ஆர்டர் வேற போட்டிருந்தா. பிரிச்சேன். முழுசா படிச்சேன். எவனோ கிறுக்கன் எழுதின கதை தம்பி! பதில் முன்னாடி வருது, கேள்வி பின்னாடி வருது. சரி, எங்க வீட்லயும் அப்படித்தான்னு விட்டுட்டேன். மொதல் பக்கத்துல ரெண்டும் ஒண்ணா இருக்குது. போகப் போகச் சண்டை. கடைசியில கண்ணாடி பெட்டியோட ரயில் ஏறிப் போறான், நெட்டை பிளாட்பாரத்துல நிக்கறான். முடிஞ்சுது.

தனம் வந்தா. சொல்லிட்டேன். சும்மா சொன்னா கதையாகுமா? நான் கொஞ்சம்... ஸ்வல்பதான்... அந்த ரயிலைப் பாலத்துலேந்து கவுத்துட்டேன். ஆத்துல வெள்ளம். அவன் கண்ணாடி மட்டும் மிதந்து வந்துச்சுன்னேன். எனக்குக் கை தட்டுவான்னு பாத்தா, அவ அப்படியே சுவத்தைப் புடிச்சுக்கினு உக்காந்துட்டா. பொஸ்தகத்தை வாங்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டினா. "நான் அதைப் பாக்க மாட்டேன். அவன் உசுரோட இருந்த மாதிரியே எனக்கு இருக்கட்டும்." பிரிசில்லா கோயில்ல மெழுவத்தி ஏத்தினா. ஆஞ்சலா ரெண்டு நாள் சாப்பிடலை. அட்டைப்படத்தைப் பெருசாக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, சட்டம் போட்டு, மாலை போட்டு, வெளக்கு ஏத்தியாச்சு! ஜெராக்ஸ் கடைக்காரன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சின்ன வயசுங்க... எப்படி ஆச்சு?"ன்னு கேக்கறான். நானும், "ரயிலுப்பா"ன்னு கண்ணைத் தொடைச்சுக்கினேன். வேற இன்னா சொல்ல?

ஆனா தம்பி, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, அவ அந்தப் படத்துக்கு முன்னாடி உக்காந்திருப்பா. அழ மாட்டா. சும்மா உக்காந்திருப்பா. என் சிரிப்பெல்லாம் அங்கயே நின்னுபோச்சு.

இன்னைக்குக் காலையில அவ படையலுக்குப் பன்னு வாங்கப் போனா. நெட்டை சுட்ட பன்னு கண்ணாடிக்கு ரொம்பப் பிடிக்குமாம்! நான் பீரோ சாவியை எடுத்து, பொஸ்தகத்தைச் சுருட்டிக்கினு ஒக்கலிபுரம் ஜமீல் பாய் கிட்ட போனேன். பழைய சிநேகிதன். "பாரு பாய், இதுக்காடா இவ்ளோ அமக்களம்"னு காட்டினேன். அவன் உருது பேப்பர் படிக்கற ஆளு. பொஸ்தகத்தை வாங்கினவன் பின்னட்டையைப் பொரட்டி, வலது பக்கத்துலேந்து படிக்க ஆரம்பிச்சான். "அரே பாய், அது பின்னாடி"ங்கறேன். "சும்மா கெட"ங்கறான். படிச்சு முடிச்சுட்டுச் சிரிக்கறான். "கேசவா, போனவன் திரும்பி வந்துட்டான்டா!"

தலைகீழாப் படிச்சிருக்கேன் தம்பி! ஜப்பான்காரனும் உருதுக்காரன் மாதிரி வலது பக்கத்துலேந்துதான் போடுவானாம். மூணு பொம்பளைங்களும் அத்தனை பாகத்தையும் அப்படித்தான் படிச்சிருக்காங்க. நான் ஒரு நாள் எட்டிப் பாத்திருக்கேனா?

இன்னா கேட்டே? பொஸ்தகத்துல எழுதியிருக்காதான்னா? அது... இருந்துச்சு. நான் திறந்த மொதல் பக்கத்துலயே பெருசா, 'நில்லு! நீ தப்பான பக்கம் திறந்திருக்கே'ன்னு போட்டிருந்துச்சு. சிகரெட் பாக்கெட்லயும்தான் பெருசாப் போட்டிருக்கு. எவன் நிக்கறான்? சிரிக்காதேப்பா.

அதான் ஓடறேன். பொஸ்தகம் இந்தப் பையிலதான் இருக்கு. எந்த மூஞ்சியை வெச்சுக்கினு அவ எதிர்ல நிப்பேன்? பாலமே இல்லன்னு எப்படிச் சொல்றது...

இரு, போன் அடிக்குது. ஐயோ, தனம்!

அலோ... ஆங்... எங்கயும் போகலை, இங்கதான், சும்மா... ஜமீல் பாய் வந்துட்டானா? வடை சாப்பிட வந்தவன் வாயை வெச்சுக்கினு... சொல்லிட்டானா? ஆங்... பாலமா? அது... தனம், அது வந்து... திட்டேன். ஏன் திட்ட மாட்டேங்கறே? ...ம். இருக்கு. என் கிட்டதான் இருக்கு. இப்பவா? ரயில்ல எல்லாரும் இருக்காங்கடி... சரி, சரி. எடுக்கறேன்.

தம்பி, இந்தப் பையைப் புடி. கடைசிப் பக்கம்... இப்போ எது கடைசி? ஆங், இதான்.

தனம், கேக்குதா? மழை பேயுது. நெட்டை கடை ஷட்டரைத் தூக்கறான். வாசல்ல கண்ணாடி நிக்கறான், பெட்டியோட. சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டான். "இன்னா வேணும்"னு நெட்டை கேக்கறான். அதுக்கு அவன்... அவன் சொல்றான்... "பசிக்குது. உன்கூட உக்காந்து சாப்பிடத்தான் இவ்ளோ தூரம் திரும்பி வந்தேன்."

...அவ்ளோதான். அதுக்கு மேல எழுத்து இல்ல, படம்தான். நெட்டை அழறான்... அலோ? தனம்? இருக்கியா?

மறுபடியுமா? எதுக்கு, கேட்டுச்சுல்ல? ...சத்தமாவா? ஏய், எதிர் சீட்டு அம்மா பாக்குது... சரிடி. "பசிக்குது. உன்கூட உக்காந்து சாப்பிடத்தான்..." ஆமா. ஆமா, அதான் போட்டிருக்கு. இல்ல, இந்தத் தடவை நான் ஒண்ணும் சேக்கலை. ...ம். எலை போட்டாச்சா? பிரிசில்லாவும் ஆஞ்சலாவும் இருக்காங்களா? ...வரேன். வரேங்கறேன்ல, வை.

தம்பி, வண்டி நிக்கறது ஒயிட்ஃபீல்டுதானே? தள்ளு, தள்ளு. மெட்ரோ புடிச்சா வடை ஆறதுக்குள்ள போயிடலாம். என் கண்ணுல தூசிப்பா, வேற ஒண்ணும் இல்ல.

கதையை யாருக்கு வேணா சொல்லிக்கோ, தாராளமா சொல்லு. ஆனா ரயிலு நிறைய ஜனங்க நடுவுல உக்காந்துக்கினு, சொந்தப் பொண்டாட்டி கிட்ட அப்படிப் பேசினது எந்த ஊரு கெழவன்னு மட்டும் எவன் கிட்டயும் மூச்சு விட்டுடாதே!