மூன்றாம் மாடியின் பச்சைப் புள்ளி

ஓய்வு பெற்றவனுக்குத்தான் ஐயா ஓய்வே கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில்கூட நான் இத்தனை பொய்யைப் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்பின் செல்போன் குழுவில் விடிந்தால் ஒரு லாரி பொய் வந்து இறங்கும். நாம் விடும் கொட்டாவியைக்கூட போன் ஒட்டுக்கேட்கிறதாம். குறட்டையைப் பதிவு செய்து கட்டில் கம்பெனிக்கு விற்கிறதாம். ஒவ்வொன்றையும் கண் பூத்துப்போகும்வரை தேடிப் படித்து, ‘பொய்’ என்றோ ‘உண்மை’ என்றோ போடுவேன். என் பெயரே ‘செக்கர் ஐயா’ ஆகிவிட்டது. எமன் வந்தாலும் என்னிடம் டிக்கெட்டைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று என் மைத்துனன் கிண்டல் செய்வான்.

அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் மூன்றாம் மாடித் தையல்காரம்மா வந்தாள். புருஷன் கொன்றுவிடுவான் என்று பயந்து, ஊர் மாறி, நம்பர் மாற்றி வந்தவள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“ஐயா, இந்தப் புது ஆப்ல, நம்ம நம்பர் வெச்சிருக்கறவங்களுக்கெல்லாம் நாம இருக்கற இடம் தெரிஞ்சிருமாமே? எடுத்துரட்டுமா? தையல் ஆர்டர் பூரா அதுலதான் வருது.”

“வதந்திக்குப் பயந்து பொழப்பைக் கெடுத்துக்காதேம்மா. செக் பண்ணிச் சொல்றேன். அதுவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“நீங்க சொன்னா சரிங்கய்யா.”

ஆப்பின் நிபந்தனைகள் அனுமார் வாலாக நீண்டன. படித்து முடிப்பதற்குள் என் தலை இன்னொரு முறை நரைத்தது. விடை கிடைக்கவில்லை. மைத்துனனிடம் அவள் நம்பரைக் கொடுத்துத் தேடச் சொன்னேன்.

“மேல் மாடியில இருக்கறவங்களைத் தேட ஆப் எதுக்கு மாமா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று போனை வைத்துவிட்டான்.

அதில் நியாயம் இருந்தது. விடை தெரிந்தவன் தேடினால் அது என்ன சோதனை? இடம் தெரியாதவனாக இருக்க வேண்டும். பாதியில் சலித்துக்கொள்ளாதவனாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவன்தான் இருந்தான். மனைவியைக் காணவில்லை என்று ஃபேஸ்புக்கில் அவள் படத்தைப் போட்டு, கண்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அவளுடைய புது நம்பரை அனுப்பி, இந்த ஆப்பில் தேடிப் பார் என்று ஒரு வரி எழுதினேன். ஊர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோதனை கெட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். படிக்கட்டில் என்னருகே நின்றபோது அவன் போனை எட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் எங்கள் கட்டடம், அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி. ஆயுள் முழுக்க டிக்கெட் பார்த்த கண், தப்பாது.

கத்தரிக்கோல் அவன் கொண்டுவந்ததல்ல, அவளுடையதுதான். மேலே சத்தம் கேட்டபோது நான் குழுவில் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். ‘உண்மை. உடனே நீக்கிவிடவும்.’ எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிவிட்டுத்தான் படியேறினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கே கட்டடம் முழுவதும் அந்த ஆப்பை நீக்கிவிட்டது. எத்தனை குடும்பம் தப்பியது என்று பாருங்கள்.

விலாசத்தை நான்தான் கொடுத்தேன் என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. அலுப்பாக இருக்கிறது ஐயா, இதையும் நானேதான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊர், தெரு, கட்டடம் எல்லாம் ஆப்தான் காட்டியது. அதற்கு மாடி காட்டத் தெரியவில்லை. அதை மட்டும்தான் நான் சொன்னேன்.